கொசுவத்தைப் பிடிக்கும் கை

எழுபதுகளின் நடுவில், மெல்போர்னில் பிரன்ஸ்விக் பக்கம் நாங்கள் குடியிருந்தபோது நடந்தது இது. கல்யாணமாகித் திருச்சியிலிருந்து வந்து இரண்டு வருடம் ஆகியிருக்கும். கணவருக்கு ஒரு தொழிற்சாலையில் இன்ஜினீயர் வேலை. எனக்கு வீடும் எட்டு மாதப் பெண் குழந்தையும். செங்கல் கட்டடத்தில் மாடி வீடு. ஏறி இறங்க வெளிப்பக்கமாகச் சிமென்ட் படிக்கட்டு. மழை பெய்தால் அந்தப் படி நனைந்துவிடும். மெல்போர்னில் மழை எப்போது பெய்யும் என்பது வருணனுக்கே தெரியாது.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் குண்டு. கல்யாணத்தின்போதே பூசினாற்போல உடம்பு; பிரசவத்துக்குப் பிறகு தொண்ணூறு கிலோவைத் தாண்டிவிட்டது. அதோடு எனக்குப் பொறுமை என்பது மருந்துக்கும் கிடையாது. உட்கார்ந்தால் கால் ஆடிக்கொண்டே இருக்கும். அடுப்பில் பால் பொங்கும்வரை நிற்க முடியாமல் நடுவில் போய்ப் படுக்கையை உதறிவிட்டு வருவேன். குண்டானவர்கள் நிதானமானவர்கள் என்று யார் கிளப்பிவிட்டார்களோ, அவர்கள் என்னோடு ஒரு நாள் இருந்து பார்த்திருக்க வேண்டும்.

ஜூன் மாதம், அங்கே அது குளிர்காலம். காலையில் ரொட்டி வாங்கக் கிளம்பினேன். இடது இடுப்பில் குழந்தை. வழக்கம்போல் புடவைதான், அதற்கு மேல் கணவருடைய கம்பளிக் கோட்டு. பாதிப் படி இறங்கியதும் கால் வழுக்கியது. விழுகிற அந்த நொடியில் நான் என்ன செய்தேன் என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது. தெரிந்ததெல்லாம் பிறகு ஆனதுதான். வலது முழங்கை படியின் விளிம்பில் மோதி உடைந்தது. குழந்தை இடுப்பிலிருந்து நழுவிப் பக்கத்துப் புல்தரையில் போய் விழுந்தாள். ஒரு நொடி சத்தமே இல்லை. அப்புறம் வீறிட்டு அழுதாள். பிள்ளை அழுததைக் கேட்டுச் சந்தோஷப்பட்டது வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான்.

கீழ் வீட்டில் ஒரு கிரேக்கப் பெண்மணி இருந்தார். அவர்தான் ஓடிவந்து குழந்தையை எடுத்து, ஆம்புலன்சுக்குச் சொல்லி, என் கோட்டைச் சரிசெய்து என்று எல்லாம் பார்த்தார். குழந்தைக்கு நெற்றியில் ஒரு சிராய்ப்பு, அவ்வளவுதான். எனக்குத்தான் மாவுக்கட்டு.

கட்டை அவிழ்த்த பிறகுதான் உண்மையான தொல்லை ஆரம்பித்தது. கை சரியாகிவிட்டது, ஆனால் என்னால் குழந்தையைத் தூக்க முடியவில்லை. வலுவில்லாமல் இல்லை. நின்றுகொண்டு அவளை எடுத்தால் போதும், அந்தச் சத்தமில்லாத ஒரு நொடி வந்து காதை அடைத்துவிடும். வியர்க்கும். உடனே உட்கார்ந்துவிடுவேன். தரையில் உட்கார்ந்தால் அவள் மடியில் ஏறி விளையாடலாம், சோறு ஊட்டலாம், தூங்கவைக்கலாம். தூக்கிக்கொண்டு ஓர் எட்டு நடக்கச் சொன்னால் மாட்டேன். படுக்கையைத் தரைக்குக் கொண்டுவந்தேன். ஆஸ்பத்திரிக்குப் போவதற்குத் தவிர படியில் இறங்குவதையே நிறுத்தினேன். கடை கண்ணியெல்லாம் கணவர் பாடு.

என்னைப் போன்ற ஒருத்தியை நாள் முழுக்க இரண்டு அறைக்குள் அடைத்துவைத்தால் என்ன ஆகும்? ஜன்னலுக்கும் சமையலறைக்கும் நடந்துகொண்டே இருந்தேன். டிராம் போகிற சத்தம் கேட்டால் போய் எட்டிப்பார்ப்பேன். திரும்பி வந்து எதையாவது வாயில் போட்டுக்கொள்வேன். துடைத்த மேஜையையே துடைப்பேன். குழந்தை என் பின்னால் தவழ்ந்து வந்து, புடவையைப் பிடித்து நின்று, இரண்டு கையையும் மேலே தூக்குவாள். நான் சட்டென்று தரையில் உட்கார்ந்துவிடுவேன். அவள் கேட்டது அதுவல்ல. முகத்தை ஒரு மாதிரி வைத்துக்கொண்டு என்னைப் பார்ப்பாள்.

சாயங்காலம் கதவில் சாவி திரும்பும் சத்தம் கேட்டதும் அவள் அங்கே போய்விடுவாள். கணவர் பையைக் கீழே வைப்பதற்குள் கைகள் மேலே போயிருக்கும். அவர் தூக்கித் தோளில் போட்டுக்கொள்வார். போகப் போக அவள் என்னிடம் கையைத் தூக்குவதையே விட்டுவிட்டாள். மடிக்கு வருவாள், சிரிப்பாள், ஆனால் அந்தக் கை மட்டும் எனக்கு இல்லை. வெளியில் சொல்ல முடியாத வலி அது. நானே விரட்டியது என்பதால் யாரிடமும் கோபப்படவும் முடியவில்லை.

முழங்கைக்காக ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிக்குப் போய்க்கொண்டிருந்தேன். அங்கே கையை மடக்கி நீட்டப் பழக்கிய வெள்ளைக்காரப் பெண்ணுக்கு என் வயதுதான் இருக்கும். என்னைப் போலவே கனத்த உடம்பு, ஆனால் பூனை மாதிரி நடப்பாள். ஒரு நாள் அவளிடம், இனிமேல் நான் விழாமல் இருக்க என்ன செய்ய வேண்டும் என்று கேட்டேன். பயிற்சியோ மாத்திரையோ ஏதாவது சொல்வாள் என்று நினைத்தேன். அப்படி ஒன்றும் கிடையாது என்று சொல்லிவிட்டாள். எல்லோரும் விழத்தான் செய்வார்கள், எப்படி விழுவது என்று வேண்டுமானால் கற்றுக்கொள்ளலாம், வாரம் ஒரு முறை சாயங்காலம் நான் ஒரு சர்ச் மண்டபத்தில் பெண்களுக்கு ஜூடோ சொல்லித்தருகிறேன், வருகிறாயா என்றாள்.

வீட்டில் சொன்னபோது கணவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். சிரிப்பை அடக்கினார் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. "நீ ஜூடோ கத்துக்கிட்டு வந்தா முதல் அடி எனக்குத்தானே?" என்றார். ஆனால் அந்த வாரமே வேலையிலிருந்து சீக்கிரம் வந்து குழந்தையைப் பார்த்துக்கொண்டார். அவரைப் பற்றி ஆயிரம் குறை சொல்வேன், இதில் மட்டும் சொல்ல மாட்டேன்.

ஜூடோவுக்கு என்று கெட்டித் துணியில் வெள்ளைச் சட்டை உண்டு. பெண்களுக்கான அளவு எதுவும் எனக்கு ஏறவில்லை. ஆண்களுக்கான பெரிய அளவைக் கொடுத்தார்கள். கை முழம் நீண்டு தொங்கியது. கீழே கணவரின் பைஜாமா. பிறந்ததிலிருந்து பாவாடை, தாவணி, புடவை தவிர வேறு எதையும் உடுத்தாத நான், கால் இரண்டும் தனித்தனியாகத் தெரிய நடுக்கூடத்தில் நின்றேன். அங்கிருந்த ஏழெட்டுப் பெண்களில் ஒருத்திகூட என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்குத்தான் உடம்பெல்லாம் கண் முளைத்த மாதிரி இருந்தது.

முதல் நாளே எல்லோரும் குட்டிக்கரணம் போடுவார்கள், நானும் போடுவேன் என்று நினைத்துப் போனேன். என்னை மெத்தையில் மல்லாக்கப் படுக்கவைத்தாள். தாடையை நெஞ்சோடு ஒட்டவைத்துக்கொள், தலை கீழே படக் கூடாது. இரண்டு கையையும் பக்கவாட்டில் தரையில் அடி. அடிக்கும்போது மூச்சை வெளியே விடு. அவ்வளவுதான், அதையே திரும்பத் திரும்பச் செய் என்றாள். மற்றவர்கள் அந்தப் பக்கம் உருண்டுகொண்டிருக்கிறார்கள், நான் கரை ஒதுங்கிய மீன் மாதிரி படுத்துக்கொண்டு தரையை அடித்துக்கொண்டிருந்தேன். அடுத்த வாரமும் அதேதான். அதற்கடுத்த வாரம் உட்கார்ந்த நிலையிலிருந்து பின்னால் சாய்வது. அப்புறம் குந்தி உட்கார்ந்து.

எனக்குப் பொறுக்கவில்லை. எப்போது நிற்க விடுவாய் என்று கேட்டே விட்டேன். அவள் கொஞ்சமும் சிரிக்காமல் சொன்னாள். எடை கூடினால் தரை இன்னும் பலமாகத் திருப்பி அடிக்கும். ஒல்லியானவள் தப்பாக விழுந்தால் காயம். நீயும் நானும் தப்பாக விழுந்தால் எலும்பு. அதனால் நமக்கு முதல் பாடமே உயரத்தைக் குறைப்பதுதான். கால் வழுக்குகிறது என்று தெரிந்த உடனே முட்டியை மடக்கி உட்காரப் பார், விழுகிற தூரம் பாதியாகிவிடும். மிச்சத்தை முதுகை வளைத்து உருண்டு கழித்துவிடலாம். உடம்பைக் குறைத்துவிட்டு வா என்று அவள் சொல்லவில்லை. ஊரில் டாக்டரிலிருந்து தையல்காரர் வரை எல்லோரும் சொன்னதை அவள் சொல்லவில்லை என்பதற்காகவே எனக்கு அவளைப் பிடித்துப்போனது. ஆனாலும் கோபம் கோபம்தான்.

நடுவில் ஒரு வேடிக்கை. யார் மேலாவது கால் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வது நமக்கு ரத்தத்தில் ஊறியது. ஜூடோவிலோ காலைக் காலால் தட்டுவதே வேலை. ஒவ்வொரு முறை என் கால் பட்டதும் நான் குனிந்து அவர்களைத் தொட்டுக் கும்பிட்டேன். அந்தக் கலையில் ஏற்கெனவே ஆளாளுக்குக் குனிந்து வணங்குவார்கள். இதுவும் அதில் ஒன்று போலிருக்கிறது என்று நினைத்து, என்னோடு சேர்ந்து பழகிய பெண்ணும் என்னைத் தொட்டுக் கும்பிட ஆரம்பித்துவிட்டாள். நான் திருத்தவில்லை.

வகுப்பில் அவள் மெல்ல நகர்த்துகிறாள் என்று நான் வீட்டில் வேகமாக நகர்ந்தேன். தோளில் ஆரம்பித்துக் குறுக்காக எதிர்ப்பக்க இடுப்புக்கு உருள வேண்டும், கழுத்திலோ முதுகெலும்பிலோ நேராக உருளக் கூடாது என்று மற்றவர்களுக்கு அவள் சொன்னதை ஓரக்கண்ணால் பார்த்து வைத்திருந்தேன். சாயங்காலம் குழந்தையைக் கணவரிடம் விட்டுவிட்டு உள்ளறையில் மெத்தையை விரித்து உருளுவேன். தொண்ணூறு கிலோ, மரத்தளம். ஒவ்வொரு தடவையும் வீடே அதிரும். கணவர் கூடத்தில் உட்கார்ந்து எதுவும் கேட்காதவர் போலப் பேப்பர் படிப்பார்.

இப்படி உருள ஆரம்பித்து இரண்டாவது வாரமோ என்னவோ, கதவை யாரோ இடித்தார்கள். கணவர் திறந்தார். கீழ் வீட்டுக் கிரேக்கப் பெண்மணி, கையில் ஒரு கனமான வாணலியோடு நின்றார். கணவரை ஒதுக்கிக்கொண்டு நேராக உள்ளே வந்தார். நான் தலை கலைந்து, வியர்த்து, தோளைப் பிடித்துக்கொண்டு நின்ற கோலத்தைப் பார்த்ததும் அவர் முகம் சிவந்துவிட்டது. எனக்கும் அவருக்கும் பொதுவாக இருந்த கொஞ்சம் ஆங்கிலத்தில், "இவன் உன்னை அடிக்கிறானா?" என்று கேட்டார். தினமும் இதே நேரத்துக்குச் சத்தம் கேட்கிறது என்றார்.

கணவர் பாவம், வாயைத் திறக்கப் போனார். வாணலி அவர் பக்கம் திரும்பியது. நான் எவ்வளவு சொல்லியும் அந்த அம்மாள் நம்பவில்லை. அடி வாங்குகிற பெண்கள் எல்லோரும் இப்படித்தான் சொல்வார்கள் என்பது அவர் கட்சி. கடைசியில் வேறு வழியில்லாமல் மெத்தையில் ஒரு தடவை உருண்டு காட்டினேன். அவர் வாணலியைக் கீழே வைத்துவிட்டு அந்த மெத்தையிலேயே உட்கார்ந்து, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். பேச்சுத் துணைக்கு ஆளில்லாத அந்த ஊரில், எனக்காக வாணலியைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறிவர ஒருத்தர் இருந்தார் என்பதை நினைத்தால் இப்போதும் மனம் நெகிழ்கிறது.

தோள்வலியோடு வகுப்புக்குப் போனதும் பயிற்சி சொல்பவள் கண்டுபிடித்துவிட்டாள். திட்டவில்லை. சரி, நின்றுகொண்டு பின்னால் விழு, பார்க்கிறேன் என்றாள். விழுந்தேன். மறுபடி என்றாள். மறுபடி விழுந்தேன். மற்றவர்களை நிறுத்தச் சொல்லிவிட்டு, நீ எப்படி விழுகிறாய் தெரியுமா என்று கேட்டு, என்னைப் போலவே விழுந்து காட்டினாள். இடது கை தரையை அடித்தது. வலது கை மட்டும் தொப்புளுக்குக் கீழே போய் எதையோ கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. முழங்கை விறைப்பாக வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. இந்தக் கையில் என்ன பிடிக்கிறாய், அங்கே என்ன இருக்கிறது என்று கேட்டாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. கொசுவம். நான் பைஜாமா போட்டிருக்கிறேன், அங்கே கொசுவம் கிடையாது. ஆனாலும் என் கை போய்ப் பிடிக்கிறது. பதிமூன்று, பதினாலு வயதிலிருந்து தடுக்கினால், குனிந்தால், ஓடினால், பஸ் ஏறினால் முதலில் அங்கேதான் போகும் கை. விழுந்தாலும் மானம் போகாமல் விழ வேண்டும். யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை, எல்லோரும் சொல்லிக்கொடுத்ததுதான்.

சிரித்துக்கொண்டிருக்கும்போதே அந்தப் படிக்கட்டு ஞாபகம் வந்தது. அன்றைக்கு வலது பக்கம் இரும்புக் கம்பிப் பிடி இருந்தது. என் வலது கை சும்மாதான் இருந்தது. கம்பியைப் பிடித்திருக்கலாம், குழந்தையை இரண்டு கையாலும் அணைத்திருக்கலாம். அது கொசுவத்தைப் பிடித்தது. நீட்டிய முழங்கை படியில் மோதியது, பிள்ளை புல்லில் போய் விழுந்தாள். பிள்ளையா புடவையா என்று யாராவது என்னைக் கேட்டிருந்தால் கேட்டவரை அறைந்திருப்பேன். என்னைக் கேட்காமல் என் கை ஒரு பதில் சொல்லியிருக்கிறது. சிரிப்பு நின்று அழுகை வந்துவிட்டது. அங்கே யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. உடைந்த ஆங்கிலத்தில் சொல்லிப் புரியவைத்தேன்.

அவள் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. அடுத்த வாரம் புடவையைக் கொண்டு வா என்றாள்.

பழைய நூல் புடவை ஒன்றைக் கொண்டுபோய் பைஜாமாவுக்கு மேலேயே கட்டிக்கொண்டேன். புடவையோடு விழு, அவிழ்ந்தால் அவிழட்டும், பிடிக்காதே என்றாள். கேட்க எவ்வளவு சுலபம். கை நான் சொன்னதைக் கேட்டால்தானே? விழுந்தேன், பிடித்தேன். விழுந்தேன், பிடித்தேன். என் மேலேயே எனக்கு எரிச்சலாக வந்தது. எப்போதாவது ஒரு தடவை கை தரையை அடிக்கும். அப்போது அங்கிருக்கும் பெண்கள் கைதட்டுவார்கள். கொசுவம் உருவிக்கொண்டு மெத்தையெல்லாம் பரந்து கிடக்கும். நான் அவசர அவசரமாகச் சுருட்டி எடுப்பேன்.

கொஞ்சம் பழகியதும் குழந்தையை வைத்துக்கொண்டு விழப் பழக வேண்டும் என்றாள். காகிதப் பையில் அடைத்த சர்க்கரைப் பொட்டலங்கள் சிலவற்றைத் துண்டில் சுற்றி, குழந்தை கனத்துக்கு ஒரு மூட்டையாக்கி என் கையில் கொடுத்தாள். இரண்டு கையாலும் நெஞ்சோடு அணை, உட்கார், முதுகால் உருள், மூட்டை உன் மேலேயே இருக்க வேண்டும் என்றாள். துண்டில் சுற்றிக் கொடுத்ததும் அது எனக்குச் சர்க்கரையாகத் தெரியவில்லை. பின்னால் சாய்ந்தேன். வலது கை பழைய இடத்துக்குப் போனது. மூட்டை நழுவி மெத்தையைத் தாண்டித் தரையில் விழுந்து வெடித்தது.

பலகை இடுக்கெல்லாம் சர்க்கரை. துடைப்பத்தை வாங்கி நானே பெருக்கினேன், யாரையும் தொடவிடவில்லை. பெருக்கப் பெருக்கக் காலில் நறநறவென்று மிதிபட்டுக்கொண்டே இருந்தது. சட்டையைக் கழற்றி மடித்து அவளிடம் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். அடுத்த வாரம் போகவில்லை. அதற்கடுத்த வாரமும் போகவில்லை. கணவர் ஏன் என்று கேட்டார். எனக்கு இது வராது, விடுங்கள் என்றேன்.

மறுபடி ஜன்னல், சமையலறை, ஜன்னல். அந்த நாட்களில்தான் குழந்தை நடக்க ஆரம்பித்தாள். சோபாவைப் பிடித்து நிற்பாள், கையை விடுவாள், இரண்டு அடி வைப்பாள், தொப்பென்று உட்காருவாள். ஒவ்வொரு தடவை அவள் ஆடும்போதும் நான் பாதி எழுந்துவிடுவேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் பதறிப் பதறி எழுந்துகொண்டே இருப்பதைப் பார்த்த கணவர் பேப்பரைத் தாழ்த்தி, "அவளப் பாரு. உன் டீச்சரவிட நல்லா விழறா" என்றார்.

பார்த்தேன். உண்மைதான். ஆட்டம் கண்டதுமே முட்டி மடங்கிவிடுகிறது. கை எதையும் தேடிப் போவதில்லை. உட்கார்ந்து, உருண்டு, ஒன்றும் நடக்காதது போல எழுந்துவிடுகிறாள். அவள் எழுந்து நேராக அப்பாவிடம் போய்க் கையைத் தூக்கினாள். நான் அந்த வாரம் வகுப்புக்குப் போனேன். பயிற்சி சொல்பவள் எங்கே போயிருந்தாய் என்றுகூடக் கேட்கவில்லை. ஏற்கெனவே சர்க்கரை வாங்கி வைத்திருந்தாள். கிறிஸ்துமஸ் விடுமுறை விடுவதற்குள் மூட்டை உடையாமல் விழுகிற அளவுக்கு வந்துவிட்டேன். ஆனால் அது மெத்தையில், மூட்டையோடு. வீட்டுக்கு வந்தால் குழந்தையைத் தூக்க இன்னும் கை வரவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிக்கொண்டிருந்தேன். தள்ளிப்போடுவது எனக்குப் பழக்கமே இல்லாத காரியம், அதனால் இன்னும் அமைதியற்றுத் திரிந்தேன்.

ஜனவரியில் பொங்கல் வந்தது. அப்போது மெல்போர்னில் தமிழ்க் குடும்பங்கள் கொஞ்சம்தான். இந்தியா, இலங்கை, மலேசியா என்று எங்கிருந்து வந்திருந்தாலும் சேர்ந்து ஒரு பள்ளிக்கூட மண்டபத்தை வாடகைக்கு எடுத்துப் பொங்கல் வைப்பார்கள். விசேஷம் என்று வெளியே போய் எத்தனையோ மாதம் ஆகியிருந்தது என்பதால் பட்டுப்புடவை கட்டிக்கொண்டேன். கணவர் கையில் குழந்தை, என் கையில் எவர்சில்வர் பாத்திரம் நிறைய மசால்வடை.

மண்டபத்து வாசலில் பெயின்ட் அடித்த மரப்படி. பொங்கலாயிற்றே என்று யாரோ புண்ணியவதிகள் படியை நன்றாகக் கழுவி, ஈரத்திலேயே கோலமும் போட்டுவைத்திருந்தார்கள். சிமென்ட் வாசலில் செய்கிற வேலையைப் பெயின்ட் அடித்த பலகையில் செய்தால் என்ன ஆகும்? மேல்படியில் கால் வைத்தேன். சர்ரென்று போனது.

இந்த முறை நடந்தது எல்லாம் எனக்குத் தெரிந்தது. முட்டி மடங்கியது. பாத்திரம் கையை விட்டுப் பறந்தது. தாடை நெஞ்சில் ஒட்டியது. உட்கார்ந்து, முதுகால் உருண்டு, கீழே தரையில் இரண்டு கையும் படார் படாரென்று அடித்தன. இரண்டு கையும். உள்ளேயிருந்தவர்கள் என்னவோ இடிந்து விழுந்துவிட்டது என்று ஓடிவந்தார்கள். மல்லாந்து படுத்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கேயும் வலிக்கவில்லை. சுற்றிலும் மசால்வடை உருண்டு கிடந்தது.

எழுந்து உட்கார்ந்தபோதுதான் பார்த்தேன். குதிகாலில் சிக்கிக் கொசுவம் முழுக்க உருவிக்கொண்டு வந்திருந்தது. முந்தானை தோளிலிருந்து சரிந்து எங்கோ கிடந்தது. மெல்போர்னில் இருந்த தமிழர்கள் பாதிப்பேர் முன்னால் உள்பாவாடையோடு உட்கார்ந்திருந்தேன். ஆண்கள் பார்வையைத் திருப்பிக்கொண்டார்கள். கணவர் என்ன செய்வதென்று தெரியாமல் குழந்தையோடு நின்றார். உடனே சுருட்டி எடுத்துச் செருகிக்கொள்ள வேண்டும் என்று உடம்பு துடித்தது.

அதற்குள் குழந்தை அப்பா கையிலிருந்து நழுவி இறங்கிவிட்டாள். தத்தித் தத்தி வடைகளுக்கு நடுவில் நடந்து வந்தாள். அம்மா விழுந்தது அவளுக்கு நல்ல விளையாட்டாகத் தெரிந்திருக்க வேண்டும், வாயெல்லாம் சிரிப்பு. என் முன்னால் வந்து நின்று இரண்டு கையையும் மேலே தூக்கினாள்.

எவ்வளவு நாள் கழித்து. என் மடியில் கொசுவம் கிடக்கிறது, எதிரே அவள் நிற்கிறாள். ஒரு கை அங்கே, ஒரு கை இங்கே என்று செய்திருக்கலாம். அன்றைக்கு அப்படித்தான் செய்தேன், அவள் புல்லில் கிடந்தாள். என் இரண்டு கையும் அவளிடம் போயின. நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். குந்திய நிலையிலிருந்து எழுந்தேன். பட்டு முழுக்க ஈரத்தரையில் விழுந்து புரண்டது. அந்தச் சத்தமில்லாத ஒரு நொடி வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை, அவள் மூச்சு என் கழுத்தில் பட்டுக்கொண்டிருந்தது.

அப்போது கூட்டத்திலிருந்து ஓர் இலங்கைத் தமிழ்ப் பெண்மணி வந்தார். அதற்கு முன் அவரை நான் பார்த்ததே இல்லை. என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது மூத்தவர். அடிபட்டதா என்று கேட்கவில்லை, ஐயோ என்று பதறவும் இல்லை. என் முன்னால் குனிந்து ஈரமான கொசுவத்தை இரண்டு கையாலும் அள்ளினார். நான் வெட்கத்தில் ஒரு கையைக் கீழே கொண்டுபோகப் பார்த்தேன். அவர் அந்தக் கையைப் பிடித்துக் குழந்தையின் முதுகிலேயே திருப்பி வைத்தார்.

"சீலையை நான் பாக்கிறன். நீங்கள் பிள்ளையைப் பிடியுங்கோ" என்றார்.

அந்தப் படியில், அந்தக் கோலத்தில், அந்த ஈரத்தில் நான் குழந்தையைச் சுமந்துகொண்டு ஏறினேன். அவர் கொசுவத்தைக் கையில் ஏந்தியபடி என்னோடு ஒட்டி ஒட்டி ஏறினார். உள்ளே போய்ச் சமையலறை மூலையில் என்னை நிறுத்தி, மடித்துச் செருகிவிட்டார். அந்த நேரம் முழுக்க நான் குழந்தையை இறக்கவில்லை. கை கடுத்தது, இறக்கவில்லை. கணவர் வந்து வாங்கிக்கொள்ளட்டுமா என்று கேட்டதற்கும் தரவில்லை.

அன்று பொங்கல் பொங்கியதையும் மிச்சம் இருந்த வடைகளை யாரோ கழுவிச் சாப்பிட்டதையும் ஊரே பேசிச் சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்தேன். அந்தப் பெண்மணி சாப்பிட்டதும் ஊர் திரும்ப வேண்டும் என்று கிளம்பிவிட்டார். எங்கே இருக்கிறார், யார் வீட்டுக்கு வந்தார் என்று விசாரித்து வைத்துக்கொள்ளும் நிதானம்கூட எனக்கு அன்றைக்கு இல்லை. மறுநாள் காலையில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு எங்கள் சிமென்ட் படியில் இறங்கி ரொட்டி வாங்கப் போனேன். பாதிப் படியில் வியர்த்தது. வியர்த்தால் வியர்க்கட்டும் என்று இறங்கினேன்.

பிறகும் பலமுறை விழுந்திருக்கிறேன். இந்த உடம்பையும் இந்த அவசரத்தையும் வைத்துக்கொண்டு விழாமல் இருக்க முடியுமா? மகளுக்கு இப்போது அவளுடைய வேலை, அவளுடைய வீடு. இந்தக் கதையைச் சொன்னால் ஒன்றும் ஞாபகமில்லை என்று சிரிக்கிறாள். அவளுக்கு ஞாபகம் இருக்க வேண்டியதில்லை. ஒரு காலத்தில் என்னிடம் கையைத் தூக்குவதை நிறுத்திய பிள்ளை அத்தனை பேர் நடுவில் மறுபடி தூக்கினாள் என்பதும், முன்பின் தெரியாத ஒருத்தர் என் மானத்தைத் தன் கையில் வாங்கிக்கொண்டதால்தான் என் இரண்டு கையும் அவளுக்குக் கிடைத்தன என்பதும் எனக்கு மட்டும் ஞாபகம் இருந்தால் போதும் என்று நினைத்துக்கொள்கிறேன்.